'கடவுள் சித்தம்' என்று சொன்னால் போதுமா?

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் தேதி கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்று மாலையில் எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் கூட்டத்தைக் காணலாம். புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். குருவானவர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பேரப்பிள்ளைகள் பார்த்தறியாத பாட்டனாரின் பெயரைக் கல்லில் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள்.

ஆனால், கையில் மெழுகுவர்த்தி இருந்தும் அதை ஏற்றி வைக்க ஒரு கல்லறை இல்லாத குடும்பங்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூரைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களில் அத்தகைய குடும்பங்கள் பல. வீட்டுத் தலைவன் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை.

அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "அழாத மக்களே, எல்லாம் ஆண்டவருக்க சித்தம்" என்று வயதான ஒருத்தி தலையைத் தடவிச் சொல்வாள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறாள். தனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆறுதலைத்தான் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். எனினும், அந்தச் சொல் அழுகிறவளின் கண்ணீரைத் துடைக்கிறதா, அல்லது அவள் வாயை அடைக்கிறதா என்று சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடவுளை நம்புகிற குடும்பம் துன்ப காலத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? அந்தக் குடும்பத்திடம் மற்றவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

ஒக்கி வந்த வாரம்

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி அவருடைய திருநாள். அந்த நேரத்தில்தான் 'ஒக்கி' புயல் வந்தது. நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. வங்கக் கடலில் பிறக்கும் புயல்கள் பல நாட்கள் நகர்ந்த பிறகே கரையை நெருங்குவது வழக்கம். இதுவோ ஓரிரவுக்குள் உருவெடுத்து வாசலில் நின்றது. 'ஒக்கி' என்ற பெயரைக் கொடுத்தது வங்கதேசம். அந்த மொழியில் அதற்குக் 'கண்' என்று பொருள்.

கரையில் ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆனால், பெரிய இழப்பு நிலத்தில் நேரவில்லை, கடலில் நேர்ந்தது.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று வரிசையாக அமைந்த ஊர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்போனவை. இங்குள்ளவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். 'தங்கு கடல்' தொழில் செய்பவர்கள். சுறாவும் சூரையும் பிடிப்பதற்காகத் தூண்டில்களை ஏற்றிக்கொண்டு, அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான மைல் தூரம் போய், நாட்கணக்கில் தங்கித் திரும்புவார்கள். கைபேசியின் குரல் கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் அற்றுப் போகும். அதன் பிறகு அவர்களுக்கும் கரைக்கும் இடையே இருப்பது தண்ணீரும் வானமும் மட்டுமே. கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது, ஏற்கனவே போய்விட்டவர்களுக்கு அது எட்டவில்லை.

புயலில் சிக்கிய படகுகள் சில லட்சத்தீவுக்குத் தள்ளப்பட்டன. சில கர்நாடகக் கரையையும், மராட்டியக் கரையையும், குஜராத் கரையையும் அடைந்தன. அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குச் செய்தி வந்தது. ஒவ்வொரு செய்தியும் ஒரு வீட்டில் மகிழ்ச்சியையும், பக்கத்து வீட்டில் புதிய ஏக்கத்தையும் உண்டாக்கிற்று. அந்த வீட்டுப் பையன் வந்துவிட்டானே, நம் வீட்டுப் பையன் எங்கே? அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் பல வீடுகளின் வாசலில் நட்சத்திர விளக்கு ஏறவில்லை.

இருக்கிறாரா, இல்லையா?

இறந்துவிட்டார் என்று தெரிந்தால் துக்கம் பெரிது. ஆனால், அந்தத் துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மணி அடிக்கும், பூசை நடக்கும், மண் போடுவார்கள், மூன்றாம் நாள், முப்பதாம் நாள் என்று நாட்கள் எண்ணப்படும். துக்கத்துக்குக் கரை தெரியும்.

இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோதோ எதுவுமே தெளிவாக இருப்பதில்லை. கோயிலில் பூசைக்குக் கருத்துச் சொல்லப் போகிறாள் மனைவி. என்ன கருத்தைச் சொல்வாள்? கணவன் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்று சொல்வதா? அவருடைய ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்று சொல்வதா? முதலாவதைச் சொன்னால் ஊர் பரிதாபப்படும். இரண்டாவதைச் சொன்னால் தானே அவரைக் கொன்றுவிட்டது போல நெஞ்சு துடிக்கும். கழுத்தில் கிடக்கும் தாலியை என்ன செய்வது? வெள்ளைச் சேலையா, வண்ணச் சேலையா? "அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

சட்டத்துக்கும் இதே திண்டாட்டம்தான். ஒருவரைப் பற்றி ஏழாண்டுக் காலம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி இது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஏழாண்டுக் காலம் என்றால், அன்று முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்புக்கு வந்துவிடும். அதுவரை உலை கொதிக்க வேண்டாமா? ஒக்கியில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டு, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் உதவி கொடுக்கப்பட்டது. அது தானாகக் கனிந்து விழுந்த கனியன்று. அதற்காக அந்த மக்கள் வாய் திறந்து கேட்டார்கள். கூட்டமாகத் திரண்டு கேட்டார்கள்.

'கடவுள் சித்தம்' என்று வாளாவிருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா?

யோபுவின் நண்பர்கள்

துன்பப்படுகிறவனுக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களைப் பற்றிக் கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலேயே ஒரு முழு நூல் இருக்கிறது. அதுதான் யோபுவின் சரித்திரம்.

யோபு உத்தமன். செல்வன். ஏழு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் உள்ளவன். ஒரே நாளில் மந்தைகள் போயின, வேலையாட்கள் போயினர், பெருங்காற்று அடித்து வீடு இடிந்து மக்கள் அனைவரும் மாண்டனர். பிறகு அவன் உடலும் புண்ணாயிற்று. அவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

எட்டாம் நாள் பேச ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் விளைந்தது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று சாதித்தார்கள். கடவுளுக்கு வக்காலத்து வாங்குவதாக அவர்களுக்கு எண்ணம். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. அழுதான்; வாதாடினான்; தான் பிறந்த நாளையே சபித்தான்; கடவுளையே நேரில் வந்து பதில் சொல்லும்படி அழைத்தான்.

முடிவில் கடவுள் யார் பக்கம் பேசினார்? அவருக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மீது கோபம் கொண்டார். தம்மோடு வழக்காடிய யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்றார். அந்த நண்பர்களுக்காக யோபுவே பரிந்து ஜெபிக்க வேண்டியதாயிற்று!

இயேசுநாதரும் இதையே வேறு விதமாகச் சொன்னார். சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். ஆகவே, கடலில் போனவனின் வீட்டு வாசலில் நின்று, "என்ன பாவமோ, ஏது சாபமோ?" என்று முணுமுணுக்கிறவர்களுக்கு அவருடைய போதனையில் இடமே இல்லை.

அழுகைக்கும் கோயிலில் இடம் உண்டு

நம்பிக்கையுள்ளவன் அழக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! சங்கீதங்கள் என்றும் திருப்பாடல்கள் என்றும் வழங்கும் 150 பாடல்களில் புலம்பல்களே மிகுதி. எத்தனை காலம் முகத்தை மறைத்துக்கொள்வீர் என்று கடவுளைக் கேட்கும் பாடல் இருக்கிறது. ஒரு நம்பிக்கை வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடியும் பாடலும் இருக்கிறது. அவற்றையெல்லாம் யாரும் வேதத்திலிருந்து கிழித்து எறியவில்லை. பூசையிலும் ஆராதனையிலும் இன்றும் பாடுகிறார்கள். இயேசுநாதர் சிலுவையில் தொங்கியபோது சொன்னதும் அத்தகைய ஒரு புலம்பலின் முதல் அடியே.

மீனவர்களுக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. இயேசுநாதரின் சீடர்களில் பலர் மீனவர்கள். ஒருநாள் மாலையில் அவரோடு படகில் போகும்போது புயல் வந்தது. படகில் தண்ணீர் நிரம்பியது. அவரோ படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சீடர்கள் என்ன செய்தார்கள்? அவர் சித்தம் என்று பேசாமல் இருந்தார்களா? தட்டி எழுப்பினார்கள். நாங்கள் சாகப்போவதைப் பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்டார்கள். அது வேண்டுதலா, குற்றச்சாட்டா என்று பிரிக்க முடியாது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின்படி, அவர் முதலில் எழுந்து காற்றை அடக்கினார். அதன் பிறகுதான் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிக் கேட்டார். மூழ்குகிறவனைக் கரையேற்றிய பிறகுதான் போதனை!

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உணர்ச்சியையும் வகுத்தார்கள். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் வகுத்தது 'இரங்கல்'. கரையில் நின்று கடலைப் பார்த்து ஏங்குவதை அவர்கள் பலவீனமென்று எண்ணவில்லை. அந்த நிலத்துக்கே உரிய ஒழுக்கமாக மதித்தார்கள்.

கோயில் வாசலில் நின்ற அலை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கிச் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கே பேரிழப்பு. குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்கள் அழிந்தன. வேளாங்கண்ணியில் திருநாளுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் கடற்கரையில் இருந்தார்கள். அலை அவர்களை வாரிக்கொண்டது. ஆனால், மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அது புதுமை என்று பலர் மனமார நம்புகிறார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொல்வது நியாயமே. ஆனால், கோயிலுக்கு உள்ளே தாயும் வெளியே மணலில் பிள்ளையும் இருந்திருந்தால், அந்தத் தாயிடம் போய் இந்தப் புதுமையை எப்படிச் சொல்வது? 'உன்னைக் காத்தார்' என்றால், 'என் பிள்ளையை?' என்று அவள் கேட்பாள். அதற்கு மனிதரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் பதில் இருப்பதாகப் பாவனை செய்வது பக்தியாகாது.

கடவுள் காப்பாற்றுவார் என்பதற்காக மட்டும் நம்புகிற நம்பிக்கை, காப்பாற்றாத அன்றே முறிந்துபோகும். தானியேல் ஆகமத்தில் வரும் மூன்று இளைஞர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். பொற்சிலையை வணங்காவிட்டால் எரியும் சூளையில் போடுவேன் என்று அரசன் மிரட்டினான். எங்கள் கடவுள் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அவர் தப்புவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த இரண்டாவது பேச்சில்தான் அவர்களுடைய பலம் இருந்தது.

சவேரியார் அனுப்பிய தோணிகள்

சரி, பதில் கிடையாது என்றால், நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? அதற்கு விடை அந்தக் கடற்கரையின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

புனித சவேரியார் கோவாவுக்கு வந்தது 1542ஆம் ஆண்டு. அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, மீனவர்களோடு மீனவராகக் கடற்கரை நெடுகிலும் நடந்து திரிந்தார். 1544ஆம் ஆண்டில் வடுகர் படையெடுத்து வந்து குமரிப் பகுதிக் கிறிஸ்தவர்களின் ஊர்களைச் சூறையாடினார்கள். மக்கள் உயிருக்குப் பயந்து கடலில் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சோறுமில்லை, குடிக்கத் தண்ணீருமில்லை.

செய்தி சவேரியாருக்கு எட்டியது. அவர் ஜெபித்தார் என்பதில் ஐயமில்லை. ஜெபிக்காத நாள் அவருக்கு ஏது? ஆனால், ஜெபித்ததோடு நிற்கவில்லை. மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று பலமாக அடித்தது. துடுப்புப் போட்டும் தோணிகள் போகவில்லை. பல நாள் போராடித் திரும்ப நேர்ந்தது. அதோடு விட்டாரா? கால்நடையாகவே தரைவழியில் குமரிமுனைக்குப் போய்ச் சேர்ந்தார். இவையெல்லாம் அவரே எழுதிய கடிதங்களில் உள்ளவை. பாறையின்மேல் பசித்திருந்தவர்களுக்கு அவர் அனுப்ப நினைத்தது உபதேசத்தையன்று, உணவையும் உதவியையும்.

புனித பவுலின் கப்பற்பயணமும் இத்தகையதே. கைதியாக ரோமாபுரிக்குப் போகும் வழியில் புயலில் கப்பல் சிக்கியது. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று தேவதூதன் சொன்னதாகப் பவுல் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். ஆனால், மாலுமிகள் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. முதலில் 20 பாகம். சற்றுப் பின் 15 பாகம். நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். மாலுமிகள் தந்திரமாகச் சிறுபடகில் தப்ப முயன்றபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று எச்சரித்தவரும் பவுலே. வாக்குறுதி கிடைத்த பிறகும் ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் போட்டார்கள், தொழில் தெரிந்தவனை விடவில்லை.

இன்றைய தங்கு கடல் தொழிலுக்கும் இது நல்ல பாடம். ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் தொலைபேசி, 'நாவிக்' கருவி போன்ற சாதனங்கள் ஆழ்கடல் படகுகளுக்கு வர ஆரம்பித்தன. அவை ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். பழுதில்லாமல் இருக்க வேண்டும். யார் யார் படகில் போகிறார்கள் என்ற பட்டியல் கரையில் இருக்க வேண்டும். "மாதா காப்பாள்" என்று சொல்லி, மிதவை அங்கியை வீட்டு மூலையில் போட்டுவிட்டுப் போகிறவர் பக்தியில் உயர்ந்தவரல்லர். ஆலய உச்சியிலிருந்து குதித்துக் காட்டு, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது, கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்தவர் இயேசுநாதர். படகில் மாதா படமும் இருக்கட்டும். மிதவை அங்கியும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையில்லை.

ரயில் பாதையில் ஒரு ஜெபம்

2017ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடற்கரைக் குடும்பங்கள்; பெண்கள், முதியவர்கள், குருமார்கள். காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. அவர்கள் அங்கு வருவதற்கு முன்பே, கரையில் எஞ்சியிருந்த மீனவர்கள் தங்கள் சொந்தப் படகுகளில் தேடப் புறப்பட்டிருந்தார்கள்.

ரயில் மறியல் சரியா தவறா என்பது வேறு விவாதம். நடுவழியில் நின்றுபோன ரயிலில் இருந்த பயணிகளுக்கும் துன்பம் உண்டு. ஆனால், "கடவுளை நம்புகிறவர்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள்?" என்று கேட்பது நியாயமாகாது. எச்சரிக்கை ஏன் எட்டவில்லை, தேடுதல் ஏன் தாமதம் என்று கேட்பது மனிதரின் பொறுப்பைப் பற்றிய கேள்வி. மனிதர் செய்யத் தவறியதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது கடவுளுக்கே செய்யும் அநீதி அன்றோ?

யார் சொல்ல வேண்டிய சொல்?

அப்படியானால், 'கடவுள் சித்தம்' என்ற சொல்லையே விட்டுவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ விதவைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள். நாள்தோறும் சொல்லும் ஜெபத்திலேயே கடவுளின் சித்தம் நிறைவேற வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிறதே என்பார்கள்.

உண்மைதான். அந்தச் சொல் தவறானதன்று. அதைச் சொல்ல வேண்டியவர் யார், எப்போது என்பதில்தான் தவறு நேர்கிறது.

கெத்செமனித் தோட்டத்தில் இயேசுநாதர் அந்தச் சொல்லைச் சொன்னார். ஆனால், முதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. இந்தத் துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் மன்றாடினார். முகங்குப்புற விழுந்து மன்றாடினார். ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்பக் கேட்டார். அதன் பிறகே தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அதையும் அவரே தமக்காகச் சொன்னார். பக்கத்தில் இருந்த சீடர்கள் அவருக்குச் சொல்லவில்லை. அவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே: விழித்திருங்கள். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

ஆகவே, அழுது, கேட்டு, வாதாடி, கடைசியில் ஒருநாள் கணவனை இழந்தவள் தானே தன் வாயால் 'ஆண்டவர் சித்தம்' என்று சொன்னால் அது ஜெபம். அதற்கு முன்பே அடுத்தவர் வந்து அவளுக்குச் சொன்னால் அது அதிகாரம். அவள் அந்தச் சொல்லை அடைய எத்தனை ஆண்டு ஆனாலும் ஆகட்டும். ஒருவேளை ஒருபோதும் அடையாவிட்டாலும், அவள் மாலையில் செபமாலையைக் கையில் எடுக்கிறாளே, அதுவே பெரிது.

நாள்தோறும் சொல்லும் அந்த ஜெபத்தையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கடவுளின் சித்தத்தைப் பற்றிய வேண்டுதலுக்கு அடுத்த வேண்டுதலே அன்றாட உணவைப் பற்றியது. முதலாவதை ஒரு குடும்பத்துக்குப் போதிக்கிறவர்கள், இரண்டாவதை அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கடமை ஒன்றும் மலைபோன்றதன்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டலாம். அரசாங்க அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்துக் கூடப் போகலாம். படகுக்கடன் கொடுத்தவனிடம் தவணை கேட்டு வாங்கித் தரலாம். மீன் கூடை சுமந்து சந்தைக்குப் போகத் தொடங்கும் பெண்ணுக்கு முதல் மூலதனம் கொடுக்கலாம். இவை எதுவும் முடியாதவர்கள், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யலாம்: பக்கத்தில் பேசாமல் உட்காரலாம்.

துன்பத்தைத் தாங்கிய அந்தக் கடற்கரை எப்படி நடந்துகொண்டது என்பதற்கும் சான்று உண்டு. ஒக்கி வந்து ஓராண்டு முடிவதற்குள், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது ஒக்கியில் தங்கள் ஊரில் பலரைப் பறிகொடுத்த திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்களும் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். கூரைமேல் நின்றவர்களை மதம் பாராமல், சாதி பாராமல் கரை சேர்த்தார்கள். தங்களைத் தேடி யாரும் வரவில்லையே என்று கடலில் கதறியவர்களின் உறவினர், மற்றவர்களைத் தேடிப் போனார்கள். 'ஏன் எங்களுக்கு இந்தத் துன்பம்?' என்ற கேள்விக்கு அவர்களுக்கு அன்றும் விடை கிடைத்திருக்காது. ஆனாலும் படகை எடுத்தார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளிலும் அந்த வீட்டுப் பெண் மெழுகுவர்த்தியோடு புறப்படுவாள். ஏற்றி வைக்கக் கல்லறை இருக்காது. மாதா கெபியின் படியிலோ, குருசடியின் திண்ணையிலோ காற்றுக்குக் கையை மறைத்து அதை ஏற்றுவாள். அப்போது அவளுக்கு விளக்கம் சொல்ல ஒருவரும் வேண்டியதில்லை. காற்று வீசும் பக்கமாக நின்று, அந்தச் சுடர் அணையாமல் இன்னொரு கையைச் சேர்த்துப் பிடிக்க ஒருவர் இருந்தால் போதும்.